பெல்பாட்டம் எழுத்தால் வந்த வினை

பாலிகஞ்ச், கொல்கத்தா
திங்கட்கிழமை, பள்ளி விட்டு வந்து கால் கழுவிய பின்

எழுத்துகளுக்கெல்லாம் உடம்பு கொடுக்கும் அன்புள்ள சிவராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா நீலாவதியின் மகள், ஒன்பதாம் வகுப்பு இந்துஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அப்பா நலம். அம்மா, உங்கள் பெயரை யாரும் எடுக்காதவரை நலம். சென்னையில் நீங்களும் கவிதா அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் நீங்கள் குடும்பக் குழுவைவிட்டு வெளியேறி நாற்பது நாளாகிறது, போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது என்று அப்பா சொன்னார்.

அம்மா செய்தது தப்புதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் உங்கள் புதிய எழுத்துருவின் மாதிரிப் புத்தகத்தைக் குழுவில் போட்டதும், "என்னடா சிவா, எழுத்துக்கெல்லாம் யானைக்கால் வந்திருக்கு?" என்று அம்மா கேட்டிருக்கக் கூடாது. அதன் கீழே யானைப் படம் ஒன்றைப் போட்டிருக்கவே கூடாது. மூன்று வருஷம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக இழைத்தவருக்குச் சொந்த அக்காவிடமிருந்து வந்த முதல் மதிப்புரை யானையாக இருந்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் மாமா, நான் இப்போது எழுதுவது மதிப்புரை இல்லை, அபயக்குரல். வருகிற சனிக்கிழமைக்குள் நீங்கள் r-க்கும் n-க்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் விட்டுத் தராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் கட்டடத்துக் கமிட்டி கூடி அம்மாவின் மெஸ்ஸை மூடிவிடும். மயிரிழைக்கும் மெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சாப்பாட்டில் மயிரிழை இல்லை, அதுவரை நிம்மதி. போர்டில் இல்லாததுதான் பிரச்சினை.

உங்கள் 'கொம்பு' என்ற ஆங்கில எழுத்துருவை இந்த வீட்டில் முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான். பதினொரு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். பள்ளியில் எல்லாரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கதை முடிந்ததா என்று பார்க்கப் புரட்டுவார்கள், நான் எந்த எழுத்துருவில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் புரட்டுவேன், அதனால் எனக்குத் தோழிகள் குறைவு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் விளக்கினேன். சாதாரண செரிஃப் என்பது எழுத்து செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பது. கோடு ஒன்று நேராக இறங்கும், அடியில் தனியாக ஒரு சின்னப் பட்டை. 'கொம்பு' அப்படி இல்லை. இதில் செருப்பே கிடையாது. கோடு நடுவில் இடுப்புபோல் ஒடுங்கி, முனைக்குப் போகப்போகத் தானாகவே விரிந்துகொண்டு போகும், கோயில் ஊர்வலத்தில் ஊதுகிற கொம்பின் வாய் மாதிரி. உளியால் கல்லில் செதுக்கினாலும் தூரிகையால் பலகையில் இழுத்தாலும் கோட்டை முடிக்கும் இடத்தில் கை கொஞ்சம் அழுத்தி விரித்துத்தான் முடிக்கும். எங்கள் தெருவில் பழைய வீட்டு வாசல்களில் பதித்த சலவைக்கல் பெயர்ப்பலகைகளில் நானே தடவிப் பார்த்தேன், ஒரு வீட்டு நாய் துரத்தும்வரை. இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அப்பா மாதிரிப் புத்தகத்தைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "அட, பெல்பாட்டம்!" என்றார். "எங்க பெரியப்பா கல்யாண போட்டோவுல பாரு, எல்லா ஆம்பளையும் இப்படித்தான் நிப்பாங்க. தொடையில இறுக்கம், பாதத்துல கூடாரம்." அம்மா சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் எண்ணுவதை விட்டுவிட்டாள். அன்று பருப்பு குழைந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று ஆயிற்று.

ஆனாலும் அம்மா உங்கள் எழுத்தைத்தான் தேர்ந்தெடுத்தாள், மாமா. இது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குழுவைவிட்டுப் போன மறுவாரமே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சும்மா கிடந்த அறையைக் கமிட்டியிடம் கேட்டு வாங்கி அம்மா மெஸ் ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு, சாயங்காலம் இட்லி, அடை. போர்டு எழுத ஃப்ளெக்ஸ் கடை பாபு தா வந்தார். (இங்கே எல்லா அண்ணன்களும் 'தா'. எனக்கு மொத்தம் முப்பது அண்ணன்கள் இருக்கிறார்கள்.) அவர் தன் லேப்டாப்பில் சிவப்பு எழுத்து, அதற்கு மஞ்சள் நிழல், நிழலுக்கு ஒரு வெள்ளை நிழல் என்று காட்டினார். ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழ வேண்டுமானால் இரண்டு சூரியன் வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அப்போது அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "ஏன், உன் மாமன் போட்ட அந்த யானைக்கால் எழுத்து இருக்குதே. அதுலயே போடச் சொல்லு," என்றாள். உடனே, "சும்மா கிடக்குதேன்னு சொல்றேன்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மெஸ்ஸுக்குப் பெயர் ஆரணி மெஸ். உங்கள் ஊர், அம்மாவின் ஊர். ஆங்கிலத்தில் Arni என்றுதான் எழுதுகிறார்கள். Arani என்று நடுவில் ஒரு a இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. வெள்ளைக்காரன் சுருக்கினான், நீங்கள் நெருக்கினீர்கள். உங்கள் ஏழாம் பக்கத்தில், 'கொம்பு, பெரிய எழுத்தில் முழங்கும், சின்ன எழுத்தில் பாடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில், 'பலகைகளுக்கு இடைவெளியை இறுக்கி வைத்தால் கம்பீரம் கூடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா பெரிய எழுத்தில் போடு என்றாள். நான் பாட வேண்டும் என்று அடம்பிடித்துச் சின்ன எழுத்துக்கே மாற்றவைத்தேன். பாபு தா, ஜன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் போர்டு அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கப் பார்த்தார். எழுத்தை நசுக்குவது பாவம் என்று நான் அலறினேன். சரி என்று எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கினார். கம்பீரம் கூடியது. மஞ்சள் பலகையில் கரும்பழுப்பு எழுத்து, தெருமுனையிலிருந்தே தெரிந்தது. நான் சைக்கிளில் மூன்று முறை போய்வந்து பார்த்தேன். நாலாவது முறைதான் படித்தேன்.

r-இன் கை விரிந்துகொண்டே போய் n-இன் தோளில் விழுந்திருந்தது. கீழே r-இன் பெல்பாட்டமும் n-இன் பெல்பாட்டமும் உரசி ஒன்றாகியிருந்தன. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். உலகத்தில் மற்ற எல்லார் கண்ணுக்கும் அது m.

Ami Mess.

வங்காளத்தில் 'ஆமி' என்றால் 'நான்'.

முதல் நாள் காலையிலேயே எதிர்வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையாக நின்று சத்தம்போட்டு வாசித்தார்கள். "ஆமி மெஸ்! ஆமி மெஸ்!" ஒருத்தி தைரியமாக உள்ளே வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களா மெஸ்?" என்று கேட்டாள். அம்மா, தன் கடையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, பெருமையாக நெஞ்சில் கை வைத்து, "ஆமா, நான்தான்!" என்றாள். பத்து மணிக்குள் தெரு முழுக்க அம்மாவுக்கு மெஸ் ஆன்ட்டி என்று பெயர். மத்தியானம் நியூ டவுனிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி அண்ணன்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள், நம் ஊர்ப் பையன்கள்தான், பேர் ராம்கி, அபிநவ். உங்கள் எழுத்தை அவர்கள் ஆங்கிலமாகவே பிரித்து 'ஆம் ஐ மெஸ்' என்று வாசித்து, தாங்கள்தான் அந்த அலங்கோலம் என்று போர்டைக் காட்டி, தலைமுடியைக் கலைத்துவிட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். சாப்பிட்டார்களா என்றால் இல்லை, டயட்டாம். மறுநாள் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்து, 'ஆர்மி'யில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திருத்தம் சொல்லி, அது இருக்கட்டும், ராணுவ மெஸ் நடத்த உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று அரைமணி நேரம் அம்மாவை விசாரணை பண்ணினார். அம்மா பயத்தில் அவருக்கு மூன்று அடை வைத்தாள். அவர் அடுத்த நாளும் விசாரணைக்கு வந்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. தபன் பாபுதான் பெரிய சோதனை. மாமா, நம் ஊரில் மெஸ் என்றால் சாப்பாட்டுக்கடை. இங்கே மெஸ் என்றால் வெளியூர் ஆம்பளைகள் சேர்ந்து தங்குகிற வீடு. கட்டிலுக்கு ஓர் ஆள், அதற்கு 'ஸீட்' என்று பெயர். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆறு வருஷமாக இங்கே படிக்கிறேன். ஆனால் வீட்டில் மெஸ் என்று சொன்னால் எனக்கும் சாம்பார் வாசனைதான் வருகிறது. மூன்றாம் நாள் மத்தியானம் பாங்குராவிலிருந்து மாற்றலாகி வந்த தபன் பாபு என்கிற பள்ளிக்கூடக் குமாஸ்தா ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டின படுக்கையுமாக வாசலில் நின்று, "ஸீட் காலி ஆச்சே?" என்று கேட்டார். 'காலி' தமிழிலும் காலிதான், 'ஸீட்' எல்லா மொழியிலும் ஸீட்தான். அம்மாவுக்கு ஒரு வங்காள வாக்கியம் முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. "காலி, காலி, எல்லாமே காலி, வாங்க, உக்காருங்க!" என்றாள். அவர் பெட்டியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டார். ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். கை கழுவினார். பிறகு இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கையை விரித்து, மேலே சுற்றுமுற்றும் பார்த்து, "மோஷாரி கோத்தாய் டாங்காபோ?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மோஷாரி என்றால் கொசுவலை. அதை எங்கே கட்டுவது என்கிறார். அம்மா காதில் விழுந்தது மோசடி.

"மோசடியா! யாரு மோசடி? நல்லெண்ணெய் ஊத்திச் சமைக்கிறேன்யா நான்!"

"மோஷாரி, மோஷாரி," என்று அவர் வலையை எடுத்து உதறிக் காட்டினார்.

அப்போதுதான் நான் பள்ளிச் சீருடையோடு உள்ளே நுழைந்தேன். "பாத்தியா இந்து, வலையெல்லாம் கொண்டாந்திருக்கான், பெரிய கூட்டம் போல இருக்குது! அப்பாவுக்குப் போன் போடு!"

நான் போனை எடுப்பதற்குள் கொசுவலையின் ஒரு முனை ஃபேன் கொக்கியிலும் மறுமுனை அம்மாவின் கரண்டியிலும் மாட்டியிருந்தது. கிடர்பூரில் கப்பல் சரக்கு ஆபீசிலிருந்து அப்பா பறந்தடித்து வந்தார். விஷயம் தெரிந்ததும் போர்டை நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க துறைமுகத்துல பெட்டிமேல ஸ்டென்சில் வெச்சு எழுதுவாங்க. அழகு இருக்காது. ஆனா ஒவ்வொரு எழுத்தும் தள்ளித்தள்ளி நிக்கும். இதுவரைக்கும் சிங்கப்பூருக்குப் போக வேண்டிய பெட்டி படுக்கையை விரிச்சதில்ல," என்றார். தபன் பாபுவுக்கு வேறிடம் தேடித்தரும்வரை, அதாவது மூன்று நாள், அவர் எங்கள் வீட்டு ஹாலில் கொசுவலைக்குள் இருந்தபடி எனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். மூன்று நாளும் அவரிடம் Arni என்று எழுதிக் காட்டினேன். மூன்று நாளும் "ஆமி" என்று வாசித்தார்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி. என்னால் வந்த தப்பை நானே திருத்துவது என்று முடிவு செய்து, ஒரு ஸ்டூலும் பள்ளியில் மீந்த மஞ்சள் பெயின்டும் எடுத்துக்கொண்டு, போர்டில் r-க்கும் n-க்கும் நடுவில் நான் ஒரு கோடு இழுத்தேன். மெல்லிய கோடு. அது கொஞ்சம் வழிந்தது. வழிந்ததைத் துடைத்தேன். துடைத்ததில் அகன்றது. இறங்கி வந்து பார்த்தால் r-இன் கை சுத்தமாகப் போயிருந்தது. கை போன r வெறும் குச்சி. தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி வைக்க மறந்த i. இப்போது போர்டில் இருந்தது Aini Mess. மாமா, உங்கள் எழுத்துருவில் இருக்கிற எல்லாக் கோளாறும் வங்காளத்தில் அர்த்தமுள்ளதாகவே இருப்பது எப்படி? 'ஆயினி' என்றால் இங்கே 'சட்டப்படியான' என்று பொருள்.

மறுநாள் ஓர் அம்மாள் வாடகை ஒப்பந்தத்தோடு வந்து கையெழுத்துக்குச் சாட்சி கேட்டார். இன்னொருவர், அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, ஒரு பை நிறையக் காகிதம். அம்மா என்ன செய்வாள், உட்காரவைத்துத் தயிர்சாதம் போட்டாள். தம்பிக்காரர் சாப்பிட்டுவிட்டு, பாதி வீட்டை அண்ணனுக்கே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாராம். இது மூன்றாம் மாடி ஹால்தார் ஜேட்டுவின் காதுக்குப் போயிற்று. (ஜேட்டு என்றால் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணனே கிடையாது, ஆனால் எனக்கு இந்தக் கட்டடத்தில் ஏழு பெரியப்பா.) ஹால்தார் ஜேட்டு எங்கள் கமிட்டியின் செயலாளர், முப்பத்தைந்து வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். நீதிமன்றச் சம்பந்தமான சொல்லை யாராவது லேசாகப் பயன்படுத்தினால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். வழுக்கைத்தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு இறங்கிவந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, போர்டை வாசித்தார்.

"இது சட்டப்படியான மெஸ் என்றால்," என்று ஆங்கிலத்தில் கேட்டார், "சட்டவிரோத மெஸ் எந்த மாடியில் நடக்கிறது?"

"ஜேட்டு, அது ஆரணி. எங்கள் ஊர்," என்றேன்.

"போன வாரம் 'நான்' என்று இருந்தது. இந்த வாரம் 'சட்டம்' என்கிறது. அடுத்த வாரம் என்ன?"

"எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி போதவில்லை ஜேட்டு. இது ஃப்ளேர்டு செரிஃப். முனை விரியும்."

"உங்கள் மெஸ்ஸும் விரிகிறது. முதலில் சாப்பாடு, பிறகு கொசுவலை, இப்போது வழக்கு."

சாயங்காலமே நோட்டீஸ் வந்துவிட்டது. குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்தில் தங்கும் மெஸ் நடத்தத் தடை உண்டு, அறையின் பெயரும் தொழிலும் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன, ஆகவே ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூட்டம், உரியவர் பெயர்ப்பலகையுடன் ஆஜராகி விளக்கம் தர வேண்டும், விளக்கம் திருப்தியில்லையென்றால் அறையைத் திருப்பித் தர வேண்டும். 'ஆஜராகி' என்றுதான் இருந்தது. போர்டு ஆறடி நீளம், மாமா. அதை லிஃப்டில் எப்படி ஏற்றுவது என்று அப்பா இப்போதே அளந்துகொண்டிருக்கிறார்.

நான் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதையும் எழுத வேண்டும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தூத்துக்குடி, விசாகப்பட்டினம், பாராதீப், இங்க. பதினாறு வருஷத்துல நாலு ஊரு. எல்லா ஊர்லயும் கதவுல உங்கப்பா பேருதான். நான் யாருன்னு எந்த ஊர்லயும் யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ எங்க ஊர் பேரு சுவத்துல ஏறிச்சு. அதுவும் தப்பா ஏறிச்சு." பிறகு, "பாபு தாவை வரச் சொல்லு. சிவப்புலயே போட்டுடலாம். நிழலோட," என்றாள். நான் நல்ல கீரையையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஆகவே மாமா, உங்களிடம் மூன்று விண்ணப்பம். எண் போடவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒன்றுதான். r-ஐயும் n-ஐயும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், r-இன் கையை அரைவிரல் முன்னாலேயே முடித்துவிடுங்கள், அடியில் பெல்பாட்டத்தை அந்த இரண்டு எழுத்துக்கும் மட்டும் லேசாகப் பிடித்துத் தையுங்கள், தையற்காரர் செய்கிற மாதிரி. ஜோடி ஜோடியாக எழுத்துகளுக்கு நடுவில் இடம் ஒதுக்குவது உங்கள் வேலையில் தினப்படி சமாச்சாரம் என்று நான் படித்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் புதுக் கோப்பு வந்தால் பாபு தா அன்றே அச்சடித்துத் தருவார், ஞாயிறு காலை தெளிவாக ஆரணி என்று இருக்கும் பலகையை ஹால்தார் ஜேட்டு முன்னால் நிறுத்திவிடுவோம். வராவிட்டால் இரண்டு சூரியன், இரண்டு நிழல், சிவப்பு எழுத்து. அம்மா உங்கள் எழுத்தை இறக்கிவிட்டால் அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே ஊர். நீங்கள் என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லாதீர்கள், நான் பிறந்தது தூத்துக்குடி.

இத்துடன் பழுதான போர்டின் மூன்று புகைப்படங்களும், அளவுகோல் வைத்து நான் வரைந்த படமும் இணைத்திருக்கிறேன். சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பது விபத்து நடந்த இடம்.

கவிதா அத்தைக்கு என் அன்பு. அத்தையின் முட்டிவலிக்கு அப்பா ஒரு தைலம் சொன்னார், ஆனால் அதன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, நினைவு வந்தால் எழுதுகிறேன். அப்பா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அம்மா விசாரித்ததாகச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஆனால் 'அவன் இன்னும் ராத்திரியில சோறுதான் தின்றானா, சப்பாத்திக்கு மாறிட்டானா' என்று அப்பாவிடம் பொதுவாகக் கேட்டாள். உங்கள் கோடுகள் நேராக வாழ வேண்டும், வளைவுகள் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று எல்லாக் கடவுளையும், இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் நிற்கிற காளியையும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் எழுத்துருவின் ஒரே வாசகியும் மருமகளுமான
இந்துஜா

பி.கு. செவ்வாய்க்கிழமை காலை. அப்பா ராத்திரியே உறையை ஒட்டி வைத்துவிட்டார், ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள், மாமா.

நேற்று நான் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அம்மா வாங்கிப் படித்தாள். யானை வந்த இடத்தில் சிரித்தாள், அரிசி களைந்த இடத்தில் என்னை முறைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னால முடியாது," என்று சொல்லி, புடவையை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். ஹால்தார் ஜேட்டு வீட்டு மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினோம்.

"கே?" என்று உள்ளேயிருந்து குரல். யார் என்கிறார்.

அம்மா வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது 'ஆர்ணி மெஸ்' என்று சொல்ல. பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு அவள் வாயிலும் ஆர்ணி ஆமியாகத்தான் வந்தது.

"ஆமி."

"ஆமி கே?" நான் என்றால் எந்த நான்?

"ஆமி மெஸ்."

உள்ளே ஏதோ இருமல் மாதிரி கேட்டது. கதவு திறந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை, மப்ளரே அவிழ்ந்துவிட்டது. அம்மா உள்ளே போய், தன் இந்தியிலும் என் வங்காளத்திலும் எல்லாவற்றையும் சொன்னாள். கொசுவலை ஒரு தப்பு, இனி யாரும் படுக்க மாட்டார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். நான் என் படத்தைக் காட்டி r, n ஒட்டிக்கொண்ட விபத்தை விளக்கினேன். ஜேட்டு கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் விபத்து என்ன? எங்கள் எழுத்தில் இரண்டு எழுத்து ஒட்டினால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும், அதற்குக் கூட்டெழுத்து என்று பெயர். உங்கள் ஆட்கள்தான் ரயிலில் ரிசர்வேஷன் பண்ணினவர்கள் மாதிரி எழுத்துக்கு எழுத்து தனித்தனியாக உட்காருகிறீர்கள்," என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ரத்து. கமிட்டி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கீழ்த்தள அறையில் சாப்பாட்டுக்கடை மட்டும் நடத்தலாம் என்று எழுதி, பெயர் என்ற இடத்தில், என் படத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தபடி, Ami Mess என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். நான் பாய்ந்து, "ஜேட்டு, அது Arni!" என்றேன். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி கூட்டம் கூட்ட வேண்டுமாம். அந்தக் கமிட்டி கூடினால் எதையாவது தடை செய்யாமல் கலைந்ததில்லை.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, "இருக்கட்டும்," என்றாள். மாடிப்படி இறங்கும்போது கேட்டாள். "ஆமின்னா நான்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்மா."

"ஆரணின்னாலும் நான்தான். உங்க மாமன் ரெண்டையும் ஒரே எழுத்துல போட்டிருக்கான். தெரிஞ்சு போட்டானோ, தெரியாம போட்டானோ."

ஆகவே இடைவெளி வேண்டாம். r-ஐயும் n-ஐயும் இன்னும் நெருக்கி, நடுவில் எறும்புகூட நுழையாதபடி ஒட்டி, கைபோன என் குச்சிக்குக் கையை மறுபடி கொடுத்து, சனிக்கிழமைக்குள் அனுப்பவும். சந்தேகத்துக்கு இடமில்லாத m-ஆக இருக்க வேண்டும், முத்திரை விஷயம்.

கடைசி வரி அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது, ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை: டேய் சிவா, போன எடுடா. யாருன்னு மட்டும் கேட்டுடாத, ஆமின்னுதான் சொல்லுவேன்.